கிணற்றடித் தெருவின் பனிச்சுவர்

நெடுங்கரிசல்காரர்கள் வெயிலைக் குறை சொல்ல மாட்டார்கள். மாமியார் வீட்டில் உட்கார்ந்துகொண்டு மாமியாரைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது என்று எப்போதோ விட்டுவிட்டார்கள். தார் ரோட்டில் செருப்பு ஒட்டிக்கொண்டால் உருவி எடுத்துக்கொண்டு நடப்பார்கள், குழாயில் வெந்நீர் வந்தால் அதிலேயே குளித்துவிட்டு வேலைக்குப் போவார்கள், மழை வந்தால்தான் பயப்படுவார்கள், ஏனென்றால் மழை வந்தால் பட்டாசு காயாது, பட்டாசு காயாவிட்டால் வீட்டில் அடுப்பு எரியாது. அப்படிப்பட்ட ஊரில், சித்திரை போய் வைகாசி பிறந்த ஒரு மத்தியானம், கிணற்றடித் தெருச் சீனித்தாய் அட்டையில் வரைந்த படத்திலிருந்து பனி கொட்டியது.

சீனித்தாய் ஆசைக்குப் படம் வரைந்தவள் இல்லை. அவள் புருஷன் பால்சாமி பட்டாசு ஆலையில் மருந்து கலக்கிறவன். பங்குனியில் ஒரு நாள் மருந்து கலக்கிற அறை வெடித்துச் சிதறியபோது உள்ளே இருந்தவர்களில் மூச்சோடு வெளியே வந்தவன் அவன் ஒருவன்தான். ஆஸ்பத்திரியில் கிடந்தான், கிடந்தான், கிடந்துகொண்டே இருந்தான், கடைசியில் டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "இனி எங்க கையில ஒண்ணும் இல்லம்மா, பிழைக்கலாம், பிழைக்காமலும் போகலாம், வீட்ல வச்சுச் சுத்தமாப் பாத்துக்கங்க" என்று அனுப்பிவிட்டார். அன்றிலிருந்து முன்னறையில் வாழையிலை மேல் படுத்திருந்தான், உடம்பில் துணி படாமல் மேலே கொசுவலை மட்டும் கட்டியிருந்தது. முகத்தை மட்டும் நெருப்பு விட்டுவைத்திருந்தது. அந்த முகத்தை வைத்துக்கொண்டு அவன் காலையிலிருந்து கத்தினான், தொண்டை கட்டினால் கட்டிய தொண்டையோடு கத்தினான், தெருக்காரர்கள் முகம் சுளிக்கவில்லை, பாவம், கதவை மட்டும் சாத்திக்கொண்டார்கள்.

அவளுக்குப் பிள்ளை இல்லை, வேறு நாதியும் இல்லை. கட்டியிருந்தது தாய்மாமனை. சின்ன வயதில் தன்னைத் தோளில் உட்காரவைத்துத் தேர் காட்டிய மனிதனை இப்போது முகம் தவிர ஒரு விரல் வைத்துத் தொட இடமில்லாமல் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். இவன் பிழைக்க வேண்டும், இவன் எனக்கு வேண்டும். சாமியிடமும் டாக்டரிடமும் சுவரிடமும் அவள் கேட்டது இது ஒன்றைத்தான், மூன்றும் ஒரே மாதிரி பேசாமல் இருந்தன.

புண்ணுக்கு மருந்து போட வருகிற நர்ஸ் ராஜகுமாரிதான் ஒரு யோசனை சொன்னாள். "குளுகுளுன்னு எதையாவது அண்ணன் கண்ணு முன்னால வைங்கக்கா. அருவி, மலை, பனி, அந்த மாதிரி. மனசு அங்க போச்சுன்னா வலி கொஞ்சம் மறக்கும்."

சீனித்தாய் செல்போனில் தேடினாள். எந்த நாட்டுக்காரியோ ஒருத்தி, முகம் தெரியவில்லை, கை மட்டும் தெரிந்தது, புதிதாகப் படம் வரைகிறவர்களுக்கு அக்ரிலிக் சாயத்தில் பனிக்காலக் காட்சி ஒன்றைச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். போனை அவன் முகத்துக்கு நேரே பிடித்தாள். "போன் வெளிச்சமே சுடுது புள்ள, எடுத்துரு" என்றான் அவன். சரி, போன் சுட்டால் அட்டை சுடாது என்று, பாடப்புத்தகக் கடையில் ஒரு பெட்டிச் சாயமும் ரெண்டு பிரஷும் வாங்கிவந்தாள். போனில் தெரிந்த கை கான்வாஸில் வரைந்தது. இவள் பட்டாசுப் பெட்டியைப் பிரித்துப் பின்பக்கம் திருப்பிக்கொண்டாள். லேபிள் ஒட்டி ஒட்டிப் பசைப் பிரஷ் பிடித்துப் பழகிய கைக்கு இந்தப் பிரஷ் ஒன்றும் கனக்கவில்லை.

அந்த வெளிநாட்டுக்காரி பேசிய பாஷை ஒரு சொல்கூட விளங்கவில்லை, ஆனால் கை செய்தது விளங்கியது. முதலில் வானம், மேலே நீலம், கீழே வர வர வெள்ளையைக் கலந்து வெளுக்க வேண்டும். அந்த ஈரம் இருக்கும்போதே தூரத்தில் ரெண்டு மலை, வெளிறிய சாம்பலில், ஓரத்தை விரலால் தேய்த்து மங்கவைக்க வேண்டும். பிறகு தரை முழுக்கப் பனி, வெள்ளைதான், ஆனால் வெறும் வெள்ளையை அப்பினால் சுண்ணாம்பு அடித்த மாதிரி இருக்கும், நிழல் விழுகிற பக்கம் ஒரு சொட்டு நீலத்தைத் தொட்டு இழுக்க வேண்டும். பிறகு இலையில்லாத மரம், அடியில் தடித்து நுனியில் மெலிந்து. கடைசியில் கிளைகளின் மேல்பக்கம் வெள்ளையைப் புள்ளி புள்ளியாகக் குத்த வேண்டும். பனி மேலேயிருந்து விழுகிற சாமான், கிளைக்கு அடியில் போய் ஒட்டாது. பனியைக் கண்ணால் கண்டிராத சீனித்தாய் அடியிலும் குத்திவிட்டு, பிறகு அந்தக் கையைப் பார்த்துத் திருத்திக்கொண்டாள்.

கடைசிப் புள்ளியைக் குத்தி அட்டையைப் பால்சாமியின் கால்மாட்டில் சாய்த்து வைத்தபோது மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து காற்று வந்தது. காற்றோடு பனியும் வந்தது, களத்தில் உமி பறக்கிற மாதிரி அட்டையின் விளிம்பைத் தாண்டிப் பறந்து, கொசுவலைக்குள் புகுந்து, வெந்துபோன நெஞ்சின் மேல் மெதுவாகப் படிந்தது. பால்சாமி கத்தலைப் பாதியில் நிறுத்தினான். "அப்பாடா" என்றான். தூங்கிப்போனான். சீனித்தாய் தரையில் விழுந்த பனியை வாரி வாளியில் போட்டாள், தண்ணீர் எந்த ரூபத்தில் வந்தாலும் வீணாக்கக் கூடாது என்று வளர்ந்தவள் அல்லவா.

ஆனால் அக்ரிலிக் அவசரக்காரச் சரக்கு. நிழலிலேயே சீக்கிரம் காய்ந்துவிடும், நெடுங்கரிசல் வெயிலில் கேட்கவே வேண்டாம், உலை கொதிக்கிற நேரத்துக்குள் தோல் கட்டிவிட்டது. ஈரம் இருந்தவரைதான் குளிர். காய்ந்ததும் அது வெறும் படம், பார்க்க நன்றாகத்தான் இருந்தது, பார்த்து என்ன செய்ய, பால்சாமி மறுபடி கத்தத் தொடங்கியிருந்தான். அவள் இன்னொரு பெட்டியைப் பிரித்தாள். வரைந்தாள், குளிர்ந்தது, காய்ந்தது, கத்தினான். வரைந்தாள், குளிர்ந்தது, காய்ந்தது, கத்தினான். ஈரச்சாக்கைச் சுற்றிப் பார்த்தாள், வாயில் தண்ணீரை வைத்து ஊதிப் பார்த்தாள், வெள்ளையைக் கட்டியாக அப்பிப் பார்த்தாள், எல்லாவற்றையும் வெயில் வாங்கி விழுங்கிவிட்டு அடுத்தது என்ன என்று கேட்டது. சோறு பொங்கவில்லை, தலை சீவவில்லை, ஒரு கையால் வரைந்துகொண்டே மறு கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், அழுகிறோமா தூங்கிவிழுகிறோமா என்று அவளுக்கே தெரியவில்லை.

பக்கத்து வீட்டுப் பூக்காரி தவமணி, என்ன சத்தத்தையே காணோம் என்று பயந்துபோய் எட்டிப்பார்த்தாள். ஆள் போய்ச் சேர்ந்துவிட்டான் என்று நினைத்து, ஒப்பாரிக்குத் தோதாக முந்தானையைக்கூடக் கையில் எடுத்திருந்தாள். வாசலில் காலை வைத்ததும் கணுக்கால் வரை பனி. "ஏ யாத்தே, நல்லாக் குளுருதே" என்றாள். எப்படி, ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. விறுவிறுவென்று வீட்டுக்குப் போய் மல்லிகை மொட்டுக் கூடையைத் தூக்கிவந்து சுவரோரமாக வைத்தாள். "வெக்கையில வாடிப்போகுதுடி, இங்கன கிடக்கட்டும்."

மறுநாள் மீன்காரி கூடையைக் கொண்டுவந்தாள், பால்காரர் கேனைக் கொண்டுவந்தார், வேர்க்குரு வந்த குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தாய்மார் வந்தார்கள், சும்மா இருக்கிற ஆண்கள் சும்மாவே வந்தார்கள். மாரியம்மன் மனம் குளிர்ந்துவிட்டாள் என்று ஒரு கூட்டம் சொன்னது, இந்தக் காலத்தில் செல்போனுக்குள்ளே என்னென்னவோ வைத்துவிடுகிறான் என்று இன்னொரு கூட்டம் சொன்னது, ரெண்டு கூட்டமும் ஒரே பாயில் உட்கார்ந்து காற்று வாங்கின. கொடைக்கானல் போனபோது வாங்கிய குரங்குக் குல்லாயைப் பெட்டியிலிருந்து தேடி எடுத்து மாட்டிக்கொண்டு, ஊர்க்கமிட்டித் தலைவர் வேலாயுதபெருமாளும் வந்து சேர்ந்தார். வந்தவர் சும்மா போகவில்லை.

"ஏம்மா, இம்புட்டுப் பெரிய காரியத்த ஒத்தப் பொம்பள கிட்ட விட்டுட்டு ஊரு சும்மா இருந்தா நல்லாருக்குமா? அட்டையில வரையிறதுனாலதான ஒடனே காயுது. பெருசா வரைவோம். எல்லாருமாச் சேந்து வரைவோம்."

அவர் சொன்னதைச் செய்யக்கூடிய ஆளும் அங்கேயே இருந்தார். பெயிண்டர் மிக்கேல், வீட்டுச் சுவருக்கு அடிக்கிறதும் அக்ரிலிக் வகைதான், அது வாளி வாளியாகக் கிடைக்கும் என்றார். சீனித்தாய் வீட்டு வாசலுக்கு நேர் எதிரே இருந்த, சரக்கு அடுக்குகிற பழைய கிட்டங்கியின் நீளச் சுவரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆண்கள் சாரம் கட்டினார்கள், பெண்கள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பிரஷும் தேங்காய் மட்டையுமாக இறங்கினார்கள், சீனித்தாய் கீழே நின்று, "கிளைக்கு மேலாப்புல மட்டும் குத்துங்க மதினி, அடியில வேணாம், நிழலுக்குக் கொஞ்சோல நீலம்" என்று தொண்டை வற்றச் சொல்லிக்கொடுத்தாள். மேலே வானம், நடுவில் ரெண்டு மலை, கீழே தெருவின் நீளத்துக்குப் பனி. திருவிழாவுக்கு மண்டகப்படி பிரிக்கிற மாதிரி வீட்டுக்கு ஒரு முறை என்று பிரித்துக்கொண்டார்கள், ஒரு பக்கம் காய வருகிறதென்றால் அந்த முறைக்காரர்கள் ஓடிவந்து மேலே ஒரு கோட்டு வெள்ளை அடித்துவிட வேண்டும், சுவர் ஒரு நேரமும் காயக்கூடாது. சுவர் காயவில்லை. கிணற்றடித் தெருவில் பனி பெய்தது, பெய்துகொண்டே இருந்தது, வாசல் வழியாக அவள் வீட்டுக்குள்ளும் பெய்தது, பால்சாமி சத்தமில்லாமல் தூங்கினான், அவன் காலடியில் தலையை வைத்துச் சீனித்தாயும் பங்குனிக்குப் பிறகு முதல் தடவையாகத் தூங்கினாள். எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தாள், பைத்தியக்காரி.

முதலில் இட்லி மாவு புளிக்கவில்லை. எத்தனை நேரம் வைத்தாலும் அரைத்தது அரைத்தபடியே கிடந்தது. பிறகு பால் உறையவில்லை. பிறகு அடைவைத்த கோழி முட்டையை விட்டு எழுந்து போய்விட்டது. தவமணியின் மொட்டுகள் வாடவில்லை, ஆனால் மலரவும் இல்லை, கட்டிவைத்த சரம் சரமாகவே மூடிக்கிடந்தது, தலையில் வைத்தால் வாசனையும் இல்லை. தெரு இதையெல்லாம் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. புளித்த மாவை மேலத்தெருவில் வாங்கிக்கொண்டார்கள், பூவை அங்கே கொண்டுபோய் மலரவைத்து விற்றார்கள், குளிர் என்று ஒன்று கிடைத்த பிறகு மோர் இல்லாவிட்டால் என்ன, காபி குடித்தால் போயிற்று என்றார்கள்.

ஒரு சாயங்காலம் பால்சாமி கண்ணைத் திறந்தான். சீனித்தாய் ஓடிப்போய்க் குனிந்தாள். அவன் அவளை நல்ல மரியாதையோடு பார்த்தான். "அம்மா, நீங்க எந்தத் தெரு? எங்க வீட்டாளுக யாரும் இருந்தா கொஞ்சம் கூப்பிடுறீங்களா?"

"மாமா, நான் சீனி" என்றாள். அவன் தலையை ஆட்டிக்கொண்டான், அறிமுகம் இல்லாதவர்கள் பெயர் சொன்னால் ஆட்டுகிற மாதிரி. மறுபடி கண்ணை மூடிக்கொண்டான்.

மருந்து போட வந்த ராஜகுமாரி புண்ணை ரொம்ப நேரம் பார்த்துவிட்டுக் கையைக் கழுவினாள். "அழுகலக்கா, நல்லதுதான். ஆனா ஆறவும் இல்ல. ஆறுனா அரிக்கும், எரியும், செவந்து புதுச்சதை வரும். அண்ணனுக்கு எதுவுமே வரல. ஐஸ்ல வச்ச மீன் மாதிரி வச்சது வச்சபடி இருக்காரு. நாடிகூட எனக்குத் தேடித்தான் கிடைக்குது."

"எரிஞ்சாத்தான் பிழைப்பாரா?"

"எரிஞ்சா பிழைப்பாருன்னு நான் எப்படிக்கா சொல்றது? எரியாட்டி பிழைக்க மாட்டாரு. அது தெரியும்."

வெள்ளிக்கிழமை தவமணி குளித்து முழுகிவிட்டுக் குங்குமச் சிமிழோடு வந்தாள். வண்டி வாங்கினாலும், கிரைண்டர் வாங்கினாலும், ஏன், புதுத் துடைப்பம் வாங்கினாலும்கூட அந்தத் தெருவில் ஒரு பொட்டு வைத்துவிட்டுத்தான் எடுப்பார்கள். இத்தனை பெரிய சுவருக்கு இத்தனை நாளாக யாரும் பொட்டு வைக்கவில்லையே என்று அவளுக்குத் திடீரென்று உறைத்திருக்கிறது. கீழ்மூலையில் பனியின் மேல் குங்குமத்தைத் தொட்டு ஒரு பொட்டு வைத்தாள். சுர்ரென்று ஒரு சத்தம். பொட்டைச் சுற்றி உள்ளங்கை அளவுக்குப் பனி உருகி, அடியில் ஈரமான கரிசல் மண் தெரிந்தது.

அதே நேரம் வீட்டுக்குள்ளிருந்து, "சீனி... ஏ சீனி... தண்ணி" என்று கேட்டது.

சீனித்தாய் போட்டது போட்டபடி ஓடினாள். பால்சாமி அவளைத்தான் பார்த்தான், அவளை அவளாகவே பார்த்தான், வலியில் முகம் கோணியிருந்தது, உதடு துடித்தது. அவள் செம்பை எடுத்துக்கொண்டு திரும்புவதற்குள் வெளியே முறைக்காரர்கள் தவமணியைத் திட்டிக்கொண்டே பொட்டின் மேல் வெள்ளையை அப்பிவிட்டார்கள். உள்ளே அவன் முகத்தின் கோணல் நிமிர்ந்தது. "வேண்டாம்மா, தாகம் இல்ல. ஒங்களுக்கு எதுக்குச் சிரமம்" என்றான்.

சீனித்தாய் செம்போடு போய் வேலாயுதபெருமாள் முன்னால் நின்றாள். சுவரைக் காயவிட்டுவிடுங்கள் என்றாள். கும்பிட்டாள். பனியில் மண்டியிட்டுக் கும்பிட்டாள்.

"என்ன பேசுற நீ? ஊரே இப்பத்தான் நிம்மதியா மூச்சு விடுது. உம் புருஷனும் கத்தாமத்தான கிடக்கான்? அவன் பட்ட பாட்டக் காது குடுத்துக் கேட்டவுக நாங்க. மறுபடி அந்தச் சித்திரவதை வேணுமா அவனுக்கு? ஒரு பொண்டாட்டி பேசுற பேச்சா இது?"

அவர் கெட்டவர் இல்லை, அதுதான் கஷ்டம். அவர் சொன்னதில் பொய்யும் இல்லை. அவன் கத்தியதைக் கேட்டவள் அவளும்தான், மற்றவர்களைப் போல் சாத்திக்கொள்ள அவளுக்குக் கதவும் இல்லை. வலியில்லாமல் படுத்திருக்கிறவனை எழுப்பி வலிக்குள் தள்ள எனக்கு என்ன உரிமை என்று தன்னையே கேட்டுக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தாள். எனக்காகத்தானே எழுப்பப் பார்க்கிறேன், அவனுக்காகவா என்று கேட்டுக்கொண்டாள். கிட்டப் போய் அவன் மூக்கருகில் விரலை வைத்துப் பார்த்தாள். மூச்சு வர வெகுநேரம் ஆயிற்று, வந்த மூச்சிலும் சூடு இல்லை. அதற்கு மேல் அவள் யோசிக்கவில்லை.

சாயப்பெட்டியில் நீலமும் வெள்ளையும் கறுப்பும் பிதுக்கிப் பிதுக்கித் தகடாகிவிட்டிருந்தன. மஞ்சளும் சிவப்பும் மட்டும் மூடி திறக்காமல் கிடந்தன, பனிக்காலத்துக்கு அவை தேவைப்படவில்லை. ரெண்டையும் மடியில் செருகிக்கொண்டாள். உச்சி வேளையில், முறைக்காரர்கள் போர்வையைப் போர்த்திக்கொண்டு சாப்பிட உட்கார்ந்திருந்த நேரம் பார்த்து, மிக்கேலின் ஏணியைச் சுவரில் சாய்த்தாள். பின்னால் யாரோ வந்து நின்றார்கள். தவமணி. மூடியே கிடக்கிற மொட்டுச் சரம் ஒன்று அவள் கையில் இருந்தது. அதைப் பனியில் எறிந்துவிட்டு ஏணியைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் பிடிச்சுக்கிறேன். நீ ஏறுடி."

சீனித்தாய் ஏறினாள். விரல்கள் விறைத்துப்போய் மூடி திறக்கவில்லை, பல்லால் கடித்துத் திறந்தாள். போனில் வந்த அந்தக் கை சூரியன் எதையும் சொல்லிக்கொடுக்கவில்லை, சொல்லிக்கொடுக்கவும் வேண்டாம், ரெண்டு மலையைப் பார்த்தால் நடுவில் என்ன போட வேண்டும் என்று இந்த ஊரில் மூன்றாம் வகுப்புப் படித்த எல்லாக் கைக்கும் தெரியும். மஞ்சளை உள்ளங்கையில் பிதுக்கி, ரெண்டு மலைக்கும் நடுவே அரை வட்டமாக அப்பினாள். அதன் மேல் சிவப்பைத் தேய்த்தாள். சுற்றிலும் விரலால் கோடு கோடாகக் கதிர் இழுத்தாள், ஒன்று நீளம், ஒன்று குட்டை, ஒன்று நீளம், ஒன்று குட்டை, இழுக்க இழுக்க விரல் சுட்டது, சுடச் சுட இழுத்தாள்.

அரை வட்டம் மலையிடுக்கிலிருந்து எழும்பி முழு வட்டமானது. மரக்கிளைகளிலிருந்து பனி பொத்துப் பொத்தென்று விழுந்தது, தரையில் கிடந்த பனி சுவரை விட்டு நழுவித் தெருவில் இறங்கித் தண்ணீராக ஓடியது. மீன்கூடை மிதந்தது, பாய் மிதந்தது, போர்வைக்காரர்கள் சோற்றுத் தட்டைத் தூக்கிப்பிடித்துக்கொண்டு எழுந்தார்கள், வீடுகளில் இத்தனை நாள் அசையாமல் கிடந்த மாவெல்லாம் ஒரே மூச்சில் பொங்கிச் சட்டியைத் தாண்டி வழிந்தது, எறிந்த சரத்தில் மல்லிகை முழுக்க மலர்ந்துவிட்டது. சுவர் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை படபடவென்று காய்ந்து விரிசல் விட்டது. "அடிப் பாவி! குடியக் கெடுத்தவளே! இறங்குடி!" என்று வேலாயுதபெருமாள் குல்லாயைக் கழற்றி அடிக்க ஓங்கினார். சுவரில் பூச இன்னும் வாளியில் வெள்ளை இருந்தது, ஆனால் அந்தச் சுவர் இனி எதையும் வாங்காது என்று மிக்கேலுக்குப் பார்த்ததும் தெரிந்துவிட்டது.

சீனித்தாய் ஏணியிலேயே நின்றாள். அவள் காது வாசலில் இருந்தது. உள்ளே ஒன்றும் கேட்கவில்லை. தெரு கத்தியது, தண்ணீர் இரைந்தது, உள்ளே மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. கொன்றுவிட்டேன் என்று நினைத்தாள். ஏணிக்கம்பைப் பிடித்திருந்த கை தானாக விட்டுவிட்டது, தவமணிதான் இடுப்பைப் பிடித்து இறக்கினாள்.

அப்போது வந்தது அந்தச் சத்தம். கிணற்றடித் தெருவின் அத்தனை கூச்சலையும் அமுக்கிக்கொண்டு, அடிவயிற்றிலிருந்து வந்தது.

"எந்தச் சனியன்டி வெயில உள்ள விட்டது! ஏ சீனி! எங்கடி போய்த் தொலைஞ்ச! கூறுகெட்ட கழுத, மனுசன் உயிரு போகுது, எங்கடி தொலைஞ்ச!"

கல்யாணமான நாளிலிருந்து பால்சாமி அவளை ஒரு வார்த்தை வைதவன் இல்லை. முழங்கால் தண்ணீரில் விழுந்து எழுந்து அவள் ஓடினாள். அவன் வாழையிலையில் துடித்துக்கொண்டிருந்தான், நெஞ்சு செக்கச்சிவந்து கிடந்தது, கண்ணிலிருந்து சூடாகத் தண்ணீர் வழிந்தது, அவளைப் பார்த்ததும் இன்னும் கேவலமாக வைதான். அவள் அவன் தலைமாட்டில் உட்கார்ந்தாள். தொடக்கூடிய ஒரே இடமான முகத்தை ரெண்டு கையாலும் ஏந்திக்கொண்டாள், மஞ்சளும் சிவப்பும் அவன் கன்னமெல்லாம் அப்பிக்கொண்டது.

"வைங்க மாமா" என்று அழுதாள். "நல்லா வைங்க."